சாகாத பால்மரங்கள்

பட்டையைச் சுற்றிலும் வளையமாக வெட்டியும் அந்தப் பால்மரம் பச்சையாகவே நின்றது. மலேசியாவில் கோலா கங்சார் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து, பிறகு வனக் காப்பகத்தோடு சேர்ந்துவிட்ட சரிவு அது. நான் அங்கே மேற்பார்வையாளர். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இருந்த மேட்டில் காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. பழைய பால்மரங்கள் மட்டும் வரிசை கலையாமல் நின்று, கீழே முளைத்த காட்டுக் கன்றுகளுக்கு வெயில் விடவில்லை. கட்டைவரை வளையமாக வெட்டி அவற்றை நின்றபடியே சாகவைத்தால் அத்தி தலையெடுக்கும், இருவாச்சிகளும் சியாமாங் குரங்குகளும் மலையிலிருந்து இறங்கிவரும் என்பது திட்டம்.

அந்த வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் அக்கா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். புந்தோங்கிலிருந்து வருவார். அதே தோட்டத்தில் பிறந்து, அதே மரங்களில் பால் வெட்டியவர். வேலை தெரிந்த கை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். மற்றவர்கள் வெட்டிய மரங்கள் இலை உதிர்த்தன; அக்காவின் மரங்களோ துளிர்விட்டன. பார்வையிட வந்த அதிகாரி, இப்படியே போனால் வேறு ஆளைப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். கணவரை இழந்த அக்காவுக்கு அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அக்கா வெட்டிய அந்த மரத்தைப் போய்ப் பார்த்தேன். வெட்டு பட்டையோடு நின்றிருந்தது. உள்ளே கட்டையைத் தொடவே இல்லை.

“ஏன்க்கா, ஆழமா வெட்டலாம்ல?”

“வேணும்னேவா செய்றேன்? கை தானா நின்னுருது லா. பால் வெட்டறப்போ கட்டையில காயம் பட்டா தண்டல் தோட்டமே கேக்க ஏசுவாரு. சின்ன வயசுலேருந்து அப்படியே பழகிருச்சு தம்பி.”

ஆட்களை மேய்த்த அந்தத் தண்டல் செத்து எத்தனையோ வருடமாயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் அக்கா அதே மரத்தில் கத்தியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கட்டை தெரிந்தது. பால் சுற்றிலும் வழிந்தது. யாரோ வருவதுபோல இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. அடுத்த மரத்துக்குப் போனார். வரிசை முடியும்வரை வெட்டிக்கொண்டே போனார்.

மரங்கள் செத்தன. இன்று அங்கே அத்தி காய்க்கிறது. காலையில் சியாமாங் போடும் கூச்சலைக் கேட்டுச் சுற்றுலா வருபவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். இங்கே மனிதர்கள் குடியிருந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

மரங்கள் செத்த கையோடு, அக்காவின் வேலை அதிகாரிக்குப் பிடித்துப்போய், மேல்சரிவுக்கும் அவரையே கூப்பிடச் சொன்னார். நானே புந்தோங் போனேன். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, வேண்டாமென்று தலையாட்டினார். மரங்களின் மேல் பாசம் போலிருக்கிறது என்று சொன்னேன்.

“அது இல்ல தம்பி. முதல்ல கை நின்னுச்சு. கடைசி வரிசையில நிக்கவே இல்ல. எனக்கே பயமா இருக்கு லா.”