சும்மாடு கட்டிய சைக்கிள்

போடி ஏலக்காய்ச் சந்தையில் வெள்ளைத்துரையைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் பஸ்சை விட்டு இறங்கியிருப்பார். ராசிங்காபுரத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மலையிலிருந்து காய் மூட்டையைத் தலையில் சுமந்து இறக்கியவர். பிறகு ஜீப்புக்குக் கிளீனர், அப்புறம் டிரைவர், அதற்கப்புறம் சொந்தமாக ஜீப்பு, கடைசியில் போடிமெட்டுச் சரிவில் சொந்தமாக ஏலக்காடு. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கொடுத்திருந்தாலும் அவர் பிடித்திருக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை மடக்கிப் போட்டவை அவருடைய இரண்டு முழங்கால்கள்தான்.

அவருடைய காடு இரண்டு ரோட்டுக்கு நடுவே கிடக்கிறது. மேல் ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கினால், செடி செடியாகப் பார்த்துக்கொண்டே சரிவில் இறங்கிக் கீழ் ரோட்டுக்கு வந்து சேரலாம். நடுவே ஜீப்பு போகிற மண்பாதை ஒன்று இருந்தது. போன மழையில் அது வாய்க்காலாகப் போய்விட்டது. ஏற்றம் என்றால் வெள்ளைத்துரைக்கு இன்றைக்கும் கவலையில்லை. இறக்கம்தான் ஆகாது. ஒவ்வொரு எட்டுக்கும் முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பது மாதிரி இருந்தது. தேனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மலை இறங்கி நடப்பதை இன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்.

"காட்டைக் குத்தகைக்கு விட்ருவோம்" என்றாள் மனைவி கருப்பம்மாள். "ஞானதுரை அண்ணன் எத்தன தடவதான் கேப்பாரு."

ஞானதுரை மலைச்சரக்குக் கடைக்காரர். நல்ல மனிதர். அதுதான் வெள்ளைத்துரைக்கு இன்னும் எரிச்சல்.

"என் காட்ட அவருட்டக் குடுத்துட்டு, நான் சந்தையில நின்னு என் காயையே வெல கேக்கவா?"

"நீங்க இறங்கிப் பாக்காட்டி அங்க காய் எங்க இருக்கப் போகுது? அழுகல் விழுந்தாக்கூட ஆள் சொல்லித்தான் தெரியும்."

அது உண்மை. ஏலச்செடி மண்ணை ஒட்டிக் காய்ச்சரம் விடுகிற செடி. குனிந்து பார்க்காதவனுக்கு அது ஒன்றும் சொல்லாது.

போன பனிக்காலத்தில் பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம் அவருடைய ஜீப்பை வாடகைக்குப் பிடித்திருந்தது. ஜீப்பு மேல் நிறைய சைக்கிள்கள். மெட்டில் இறக்கிவிட்டதும், வேரும் கல்லுமான ஒற்றையடிப் பாதையில் அவர்கள் தண்ணீர் மாதிரி வழிந்து இறங்கினார்கள். அதில் ஒருவருக்குத் தாடியெல்லாம் வெள்ளை. அந்தச் சைக்கிளுக்கு முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் இருந்ததை வெள்ளைத்துரை கவனித்து வைத்திருந்தார். டாக்டர் நடக்காதே என்றுதானே சொன்னார்? உருளாதே என்று சொல்லவில்லையே.

மதுரையில் கடையைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் காசுக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாமே என்று ஊரில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாட்டின் மேல் ஏறி மலை இறங்க முடியுமா என்று திருப்பிக் கேட்டார் அவர்.

கடையில் சைக்கிளை மாட்டிக் கொடுத்த பிரேம்சிங் பொறுமையான ஆள். "ஐயா, இந்த ஸ்பிரிங்குக்குள்ள இரும்புச் சுருள் கிடையாது. காத்துதான். உங்க எடைக்குத் தக்கன அடிக்கணும். இந்தாங்க, இந்த ரப்பர் வளையம் இருக்கு பாருங்க, நீங்க ஏறி உக்காந்தா..."

"தம்பி, நான் ஜீப்புக்கு ஸ்பிரிங் போட்டவன்" என்று வெள்ளைத்துரை தொடங்கினார். எஸ்டேட் ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றி, எந்த வளைவில் எந்த ஜீப்பு படுத்தது, தன் ஜீப்பு மட்டும் ஏன் படுக்கவில்லை, ஸ்பிரிங்கில் கூடுதலாக எத்தனை இரும்புப் பட்டை வைத்தார் என்று அவர் சொல்லி முடிக்கும்போது கடை அடைக்கும் நேரமாகிவிட்டது. வளையத்தின் கதை அப்படியே நின்றுபோனது.

வீட்டில் பூசை நடந்தது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். கருப்பம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, பளபளவென்றிருந்த பிரேக்குத் தட்டில் பொட்டு வைக்கப் போனாள்.

"அங்க வைக்காத. தட்டுல பிசுக்கு பட்டா பிரேக்கு புடிக்காது. ஹாண்டில்பார்ல வையி." எல்லாம் தெரிந்தவர் அவர்.

பொட்டு வைத்துவிட்டு அவள் கையை நீட்டினாள். "ஸ்டோர் சாவியக் கொண்டாங்க."

ஸ்டோர் என்பது காட்டில் காய் உலர்த்துகிற கட்டடம். அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை.

"எதுக்கு?"

"ஒருக்க விழுந்தாலும் சரி, இந்தச் சாவிய நானே கொண்டு போய் ஞானதுரை அண்ணன்ட்டக் குடுத்துருவேன். விழாம எறங்கி வந்தா நீங்களே வச்சுக்கங்க. சம்மதமா?"

வெள்ளைத்துரை வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். அது சந்தைக்கே தெரியும். சாவியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கூடவே வந்த பம்பை எடுத்து, பின் ஸ்பிரிங்குக்கும் முன் ஸ்பிரிங்குக்கும் பம்பின் அளவு முள் எதுவரை போகுமோ அதுவரை காற்றை ஏற்றினார். லோடு தாங்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். இதை அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பின் ஸ்பிரிங்கின் ஓரத்தில் ஒரு சிவப்புத் திருகு. அதன் ஒரு பக்கம் முயல் படம், மறுபக்கம் ஆமை படம். படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி செய்திருக்கிறானே என்று சந்தோஷப்பட்டார். "நான் என்னைக்கு ஆமையா இருந்திருக்கேன்?" என்று முயல் பக்கம் கடைசிவரை திருகினார்.

மறுநாள் சுருளி ஜீப்பை ஓட்டினான். பல வருஷமாக அவரிடம் டிரைவராக இருப்பவன். மேல் ரோட்டில் அவரையும் சைக்கிளையும் இறக்கிவிட்டு, கருப்பம்மாளோடு கீழ் ரோட்டுக்குப் போய்க் காத்திருந்தான்.

வெள்ளைத்துரை தலைக்கவசத்தை மாட்டி, மிதியின் மேல் எழுந்து நின்று, சரிவில் சைக்கிளை விட்டார். முதல் வேரில் ஏறியதும் பின் சக்கரம் கழுதை உதைப்பது போல உதைத்தது. முட்டிக்குள் ஆணி இறங்கியது. அடுத்த கல்லில் இன்னும் பலமாக உதைத்தது. மூன்றாவது, மழை அரித்துப் போட்ட ஒரு படிக்கட்டுப் பள்ளம். அங்கே சைக்கிள் அவரைத் தூக்கி வீசியது. வீசிய வேகத்தில் கைக்கு எட்டிய சில்வர் ஓக் மரத்தை, மிளகுக்கொடியோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். சைக்கிள் தனியாகப் போய் ஏலச்செடிக்குள் படுத்துக்கொண்டது.

மிச்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். கீழே வந்து சேர வெகுநேரமாயிற்று. காதோரம் ஒரு மிளகிலை ஒட்டியிருந்தது.

"விழுந்தீங்களா?" என்றாள் கருப்பம்மாள்.

"விழல. மரத்தப் புடிச்சேன்."

"சைக்கிள்?"

"அது விழுந்துச்சு. பந்தயம் எனக்கா, சைக்கிளுக்கா? கை தரையில படல, முட்டி தரையில படல. அது எப்பிடி விழுந்த கணக்கு?"

"டேய் சுருளி, நீ சொல்லுடா."

சுருளி தலையைச் சொறிந்தான். சம்பளம் கொடுப்பவர் ஒரு பக்கம், சோறு போடுபவர் ஒரு பக்கம். "தொங்குறது விழுகுறதுல சேராதுக்கா" என்றான் கடைசியில். "ஆனா ரெண்டாவது தடவ தொங்குனா சேத்துக்கலாம்."

"சரி, இன்னொருக்க. அதோட சரி" என்றாள்.

வெள்ளைத்துரையை ஏற்றிக்கொண்டு ஜீப்பு வீட்டுக்குத் திரும்பியது. வழக்கமாக ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், கியரைக் குறை, ஹாரன் அடி, எதிரே லோடு வருது பாரு என்று சுருளியைத் திட்டிக்கொண்டே வருவார். அன்றைக்கும் ஒன்றிரண்டு திட்டினார். ஆனால் அதில் உப்பு இல்லை. காடு கையை விட்டுப் போகிறது என்பது அவருக்கு முழங்காலிலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் கருப்பம்மாள் முட்டிக்குச் சூட்டெண்ணெய் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, அப்படி என்னதான் செய்தீர்கள் அந்தச் சைக்கிளை என்று கேட்டாள். ஜீப்புக்குப் பட்டை கூட்டுவதுபோலக் காற்றை இரும்பாக ஏற்றி வைத்த கதையைச் சொன்னார்.

அவள் கை நின்றது.

"சும்மாடக் கல்லு மாதிரி முறுக்கி வச்சா தலையில மூட்டை நிக்குமா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நீங்க மூட்டை தூக்குன காலத்துல புதுத்துணிச் சும்மாடு வேண்டாம்னு என் பழைய சேலையத்தான கிழிச்சு வாங்கிட்டுப் போனீங்க? நல்லாத் தொவண்டு கெடக்கு, மூட்டை சொன்னபடி கேக்குதுன்னு. ஜீப்பு வாங்குனதும் அதெல்லாம் மறந்துபோச்சாக்கும்."

வெள்ளைத்துரை யோசித்துப் பார்த்தார். ஜீப்பு ஓட்டுகிறவனுக்கு லோடு முதுகுக்குப் பின்னால் இருக்கும். அது அடிபட்டால் டிரைவருக்கு வலிக்காது. இந்தச் சைக்கிளில் லோடே அவர்தான்.

காலையில் எழுந்ததும் மதுரைக்குப் போன் போட்டார்.

"தம்பி, அன்னைக்கு அந்த வளையத்தப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே."

"நான் சொல்ல வந்தேன். நீங்க ஜீப்பு கதையில இருந்தீங்க ஐயா."

"கதை இல்ல, நடந்தது. சரி, இப்பச் சொல்லு. வாயத் தொறக்க மாட்டேன்."

பிரேம்சிங் சொல்வது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை வைத்துக்கொண்டார்கள். ஜீப்பு நிறுத்துகிற கொட்டகையில் சுருளி ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, வெள்ளைத்துரை சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்தார். கருப்பம்மாள் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, பின் ஸ்பிரிங்கின் பளபளத்த தண்டில் இருந்த ரப்பர் வளையத்தைப் பார்த்தாள். ஏறுவதற்கு முன் அதை மேலே ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். ஆள் உட்காரும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் வளையம் நகர்ந்து நிற்கும்.

"ஒரு நெல்லு அகலந்தான் நகந்திருக்கு" என்றாள்.

"அக்கா, அந்தத் தண்டு மொத்தம் எவ்வளவு நீளம் இருக்கு?" என்றது போன்.

"மூணு விரக்கடைக்கு மேல இருக்கும்."

"அப்பன்னா ஐயா உக்காந்ததும் ஒரு விரக்கடை நகரணும். காத்த விட்டுக்கிட்டே பாருங்க."

புஸ் என்று காற்றை விட்டார்கள். உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி விட்டார்கள். "இப்ப அரை விரக்கடை. இன்னுங் கொஞ்சம்." சுருளிக்குக் கை வலித்தது. "அண்ணே, வெரசா உக்காருங்கண்ணே, ஒங்க வெயிட்ட நானும் சேத்துத்தான் தூக்குறேன்." கடைசியில் கருப்பம்மாள் தன் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. முன் ஸ்பிரிங்கையும் அப்படியே பார்த்தார்கள்.

"இன்னொன்னு, அந்தச் சிவப்புத் திருகு எங்க இருக்கு?" என்று பிரேம்சிங் கேட்டான்.

"முயல்ல."

"ஐயா, அமுங்குன ஸ்பிரிங் எவ்வளவு வேகமாத் திரும்பி எழும்பணும்னு சொல்றதுதான் அது. முயல்ல வச்சா எழும்பி உங்களத் தூக்கிப் போட்ரும். பாதிக்கு மேல ஆமைப் பக்கம் திருப்புங்க."

வெள்ளைத்துரை சுருளியைப் பார்த்தார். சுருளி கொட்டகைக் கூரையைப் பார்த்தான். கருப்பம்மாளே கையை நீட்டி ஆமைப் பக்கம் திருகிவிட்டாள்.

மறுபடி மேல் ரோடு. இந்தத் தடவை பயம் இருந்தது. மறைப்பதற்கு அங்கே யாரும் இல்லாததால் அவர் மறைக்கவில்லை. சைக்கிளை விட்டார். முதல் வேர் வந்தது. சக்கரம் ஏறி இறங்கியது அவர் கண்ணுக்குத் தெரிந்தது, முட்டிக்குத் தெரியவில்லை. கல் வந்தது. சைக்கிள் உட்கார்ந்து, நிதானமாக எழுந்தது, பழக்கப்பட்ட சுமைகாரன் மேட்டில் எட்டு வைக்கிற மாதிரி. அந்தப் பள்ளமும் சில்வர் ஓக் மரமும் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். பள்ளம் பின்னால் போன பிறகுதான் அது பள்ளம் என்றே உறைத்தது.

அப்புறம் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்து நின்று நின்று சரங்களைக் குனிந்து பார்த்தார். வாய்க்கால் ஓரத்தில் களை மண்டியிருந்தது. ஒரு மூலையில் நான்கைந்து செடியில் அழுகல் தொடங்கியிருந்தது. ஆள் யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணில்தான் பட்டது. நல்ல வேளை, நல்ல வேளை என்று வாய்விட்டுச் சொன்னார்.

கீழ் ரோட்டில் கருப்பம்மாள் ஜீப்புக்குள் இல்லை. ரோட்டோரத்தில் நின்று காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே வந்து நின்றதும், அவள் முதலில் காதோரம் பார்த்தாள். இலை இல்லை. பிறகு குனிந்து முட்டியைத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்." எப்போதும் இல்லை என்று சொல்கிறவர். "நேத்து மாதிரி இல்ல. இது தாங்கும்."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவு இறுக்கி முடிந்திருந்தாள். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"ஞானதுரை அண்ணன் கேட்டா என்ன சொல்ல?"

"காயெடுப்பு முடியட்டும், வெல கேக்க வரச் சொல்லு. என்னட்ட."

"களைக்கு நாளைக்கே ஆள் சொல்லணும். ஏறுங்க."

சைக்கிளை ஜீப்பு மேல் கட்டினார்கள். வெள்ளைத்துரை முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் கொண்டை ஊசி வளைவில் சுருளி பழக்கத்தில் திட்டுக்குக் காது கொடுத்தான். ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. எதிரே லோடு லாரி ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு ஏறிற்று. அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. சுருளி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

அந்த மலையில் இத்தனை வருஷமாக அடுத்தவன் ஓட்டும்போது கண்ணை மூடாத மனிதர், வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். சாவி மட்டும் கைக்குள் இறுக்கமாக இருந்தது.

"எழுப்பிராதடா" என்றாள் கருப்பம்மாள் பின்னாலிருந்து. "மெதுவாப் போ."