என் பிரிட்ஜில் சகலன் பூட்டிய குழாய்

மனிதர்கள்மேல் பொறாமைப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் ஒரு பிரிட்ஜின்மேல், அதுவும் வேண்டாமென்று நானே படியிறக்கி அனுப்பிய பிரிட்ஜின்மேல் பொறாமைப்பட்டது இந்த ஒரு தடவைதான்.

எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் நாங்கள் இருக்கிறோம். புறநகர்களில் இருக்கும் நம்மவர்கள் சனிக்கிழமைகளில் சாமான் வாங்க இங்கேதான் வருவார்கள். மனைவிமார் ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டால், கணவன்மார் முருங்கைக்காயும் மீனும் நிறைந்த பைகளோடு நடைபாதையில் காவல் நிற்கவேண்டும். அப்படி நிற்க விரும்பாத நாலைந்து பேர், பல வருடங்களாக, எங்கள் வீட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மூச்சு வாங்கி முடித்ததும் ஆளுக்கொரு டின் பியர் கொடுத்துவிட்டு நான் கதைக்கத் தொடங்குவேன். வாசித்தது, கேட்டது, வேலைசெய்யும் கந்தோரில் நடந்தது, நடந்திருக்க வேண்டியது எல்லாவற்றையும் கலந்து சொல்வேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கிழமை முழுவதும் ஒரு காப்புறுதிக் கந்தோரின் மூலையில் வாய் திறவாமல் இருக்கும் எனக்கு அந்த மூன்று மணித்தியாலம்தான் வாழ்க்கை.

மனைவிக்கு இதில் வேறு கருத்து இருந்தது.

"அவையள் பை வைக்க இடம் தேடி வருகினம். நீங்கள் என்னெண்டால் பிரசங்கம் கேக்க வருகினம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்."

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. தீர்க்கதரிசிகளை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. என் மனைவி விஷயத்திலும் அதுவே நடந்தது.

போன இலையுதிர்காலத்தில் புது பிரிட்ஜ் வாங்கினோம். பழையதை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சகலன் வந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட இளையவன், கணக்காளன். ஒபர்வில்லியே என்ற புறநகரில், களஞ்சியங்களுக்கு நடுவில், கராஜ் வைத்த சின்ன வீடு ஒன்று சொந்தமாக வாங்கியிருந்தான். அந்த வீட்டைப் பற்றிய என் பொறாமை தனிக்கதை. அது இங்கே வேண்டாம்.

"அண்ணை, இதை எறியப் போறியளோ?"

"ஓம். நகரசபை வந்து எடுத்துக்கொண்டு போறதுக்கு மேரியிலை ரொந்தேவு எடுத்து நாள் குறிக்கவேணும்."

"உதுக்கேன் ரொந்தேவு? நான் கொண்டு போறன்."

"உமக்கெதுக்கு? உம்மடை குசினியிலை ஆள் உயரத்துக்கு ஒண்டு நிக்குதே."

"சும்மா ஒரு அலுவலுக்கு."

எங்கள் குடும்பத்தில் எல்லா விபரீதங்களும் "சும்மா ஒரு அலுவலுக்கு" என்றுதான் தொடங்கும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. கயிறும் என்னுடையதைக் கொடுத்து, ஐந்து மாடியும் கூடவே பிடித்து இறக்கி, தெருவில் நின்று கையும் அசைத்தேன்.

மாரி தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் மூத்த உறுப்பினர் தொலைபேசியில் கூப்பிட்டார். புறநகரில் பஸ் ஓட்டுபவர். என் கதைகளுக்கு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

"மச்சான், நாளைக்கு உம்மடை வீட்டை வரேல்லை. எல்லாரும் ஒபர்வில்லியேக்குப் போறம். உம்மடை சகலன் குழாய் பூட்டியிருக்கிறானாம்."

"என்ன குழாய்?"

"பியர் குழாய். பிரிட்ஜ் கதவிலை. திருப்பினா வருதாம்."

நானும் போனேன். பொறாமைக்காரனால் வீட்டில் இருக்க முடியாது. நேரில் போய்ப் பார்த்து முறையாக வேதனைப்பட வேண்டும்.

கராஜின் நடுவே என் பிரிட்ஜ் நின்றது. உள்ளே தட்டுகளையெல்லாம் கழற்றி, அடியில் பலகை போட்டு, அதன்மேல் உருக்குப் பீப்பா ஒன்றை இருத்தியிருந்தான். பக்கத்தில் பியரைத் தள்ளும் சிறிய காஸ் சிலிண்டர். பீப்பாவிலிருந்து ஒரு குழல் கதவுக்குப் போய், கதவைத் துளைத்து, வெளியே பளபளக்கும் குழாயாக முடிந்தது. குழாயின் கைபிடியாக மரஅகப்பைக் காம்பு ஒன்றை வெட்டிப் பூட்டியிருந்தான்.

"பக்கச் சுவரிலை துளைக்கக்கூடாது அண்ணை. உள்ளுக்கை ஓடுற குளிர்க் குழாய் வெட்டுப்பட்டால் பிரிட்ஜ் செத்துப்போம். கதவிலைதான் ஒண்டும் ஓடாது" என்று எனக்கு விளக்கினான். என் பிரிட்ஜைப் பற்றி எனக்கு!

கதவில் வெளிறிய ஒரு சதுரம் இருந்தது. நாங்கள் வருடாவருடம் கோயில் கலண்டர் தொங்கவிட்ட இடம். அதற்கு மேலே, ஆயுதபூசைக்கு மனைவி வைத்த சந்தனப் பொட்டின் தடம் இன்னும் இருந்தது. சதுரத்தின் நட்ட நடுவில் குழாய். என்னிடம் இருந்த காலம் முழுவதும் அந்தப் பிரிட்ஜ் எனக்குத் தந்தது உறுமலும் முதல்நாள் கத்தரிக்காய்க் குழம்பும்தான். தனக்கு இப்படியொரு திறமை இருப்பதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பஸ் ஓட்டுபவர் அகப்பைக் காம்பைத் தன் பக்கம் இழுத்தார். பியர் இறங்கியது. பொன் நிறம், மேலே இரண்டு விரல் நுரை. எல்லாரும் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன எந்தக் கதைக்கும் அவர்கள் அப்படி அமைதியாக இருந்ததில்லை. இடைவெளி கிடைத்ததென்று கந்தோர் கதை ஒன்றைத் தொடங்கினேன்.

"பொறும் மச்சான், நுரை அடங்கட்டும்" என்றார் அவர்.

அந்த மாரி முழுவதும் லா சப்பலில் வாங்கிய முருங்கைக்காயெல்லாம் பஸ் ஏறி ஒபர்வில்லியேக்குப் போனது. நானும் அதோடு போனேன். போகாவிட்டால் சனிக்கிழமைகளில் எனக்குக் கதைக்க ஆளில்லை. போனாலும் இல்லை, ஆனால் பியர் இருந்தது. அங்கே பேச்செல்லாம் காஸின் அழுத்தம், குழலின் நீளம் என்றுதான் நடந்தது. வாசிப்பை விட்டு முப்பது வருடமான மனிதர்கள் நுரையைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள்.

ஒருநாள் குசினியில் மனைவி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு அவரிலை எரிச்சலோ, பிரிட்ஜிலை எரிச்சலோ?"

"எனக்கேன் எரிச்சல்?"

"அப்ப முழங்காலை எடுங்கோ. இது புதுசு. தானாய் மூடும்."

குனிந்து பார்த்தேன். என் வலது முழங்கால் புது பிரிட்ஜின் கதவுக்குக் கீழே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. பழையதை ஐந்தாம் மாடிக்கு ஏற்றிய அன்றே அதன் கதவு சற்றுத் தொய்ந்துபோயிற்று. மூடுவதற்குக் கீழ் மூலையில் முழங்காலை வைத்துக் கொஞ்சம் தூக்கி, இடுப்பால் தள்ளவேண்டும். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் மூடியதுபோல இருக்கும், ஆனால் மூடியிராது. எனக்கு அது மூச்சுவிடுவதுபோலப் பழகியிருந்ததால் சகலனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

கோடை வந்தது. குழாயில் நுரை மட்டும் வந்தது.

சகலன் காஸைக் குறைத்தான், கூட்டினான். குழலை மாற்றினான். வேறு பியர் வாங்கினான். தாடி வைத்த ஒரு அமெரிக்கனின் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எத்தனை முறை இழுத்தாலும் கண்ணாடிக் குவளையில் முக்கால்வாசி நுரை, அடியில் இளஞ்சூடாக ஒரு மிடறு. கராஜுக்குள் நுழைந்ததுமே நான் கண்டுகொண்டேன். கதவின் கீழ் மூலையில் வியர்த்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. 'டொக்' இல்லை. மாரியில் கராஜே ஒரு பிரிட்ஜாக இருந்ததால் தெரியவில்லை. இப்போது வெயில் உள்ளே போய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தது.

என் நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் சனிக்கிழமைகள் தாமாகவே ஐந்து மாடி ஏறி வந்துவிடும்.

வந்தும்விட்டன. பஸ் ஓட்டுபவர் மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இது சரிவராது. மச்சான், வாற கிழமை உம்மடை வீட்டிலை சந்திப்பம். டின் எண்டாலும் குளிராய்க் கிடைக்கும்."

"வாங்கோ, வாங்கோ" என்றேன், இயன்றவரை துக்கமாக.

அப்போது சகலன், பிரிட்ஜின் முன் முழந்தாளிட்டிருந்தவன், திரும்பாமலேயே சொன்னான்.

"என்ரை செட்டிலை பிழை ஒண்டும் இல்லை. பிரிட்ஜ்தான் குப்பை. அண்ணை கழிச்ச சாமானை என்ரை தலையிலை கட்டிவிட்டிட்டார்."

எல்லாரும் சிரித்தார்கள். பஸ் ஓட்டுபவர்தான் முதலில்.

என்னைக் குப்பை என்றிருந்தால் பொறுத்திருப்பேன். வீட்டில் கேட்டுப் பழகியதுதான். ஆனால் அந்தப் பிரிட்ஜ் என் பிள்ளைகளின் பாலைக் கெடாமல் வைத்திருந்தது. ஒருநாள்கூட நின்றதில்லை. அதைச் சொல்ல இவன் யார், ஒரு மாரிக்காலம் வைத்திருந்தவன்?

எழுந்தேன். அவனைத் தோளில் தொட்டு விலக்கினேன். வலது முழங்காலைக் கீழ் மூலையில் கொடுத்து, மெல்லத் தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினேன்.

'டொக்.'

பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த உறுமல்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றான் சகலன்.

"நீர் கேக்கேல்லையே."

பீப்பா குளிரவேண்டுமே. எல்லாரும் தங்கள் பைகளை அவிழ்த்தார்கள். உறைந்த இறால், உறைந்த கணவாய், பனிக்கட்டிக்குள் இருந்த மீன் எல்லாவற்றையும் பீப்பாவைச் சுற்றி அடுக்கினோம். மறுபடி முழங்கால், மறுபடி 'டொக்'. இனிப் பொழுதுபடும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. குடிக்கவும் ஒன்றும் இல்லை.

"மச்சான், சும்மா இருக்காமல் ஏதும் கதையுமன்" என்றார் பஸ் ஓட்டுபவர்.

அந்த மாலைதான் எனக்குக் கிடைத்தது. அவர்களுக்குச் சொல்லாத ஒரு கதை மிச்சமிருந்தது. இதே பிரிட்ஜை ஐந்தாம் மாடிக்கு ஏற்றிய கதை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் அது சுவருக்கும் கைபிடிக்கும் நடுவில் இறுகிக்கொண்டதைச் சொன்னேன். கீழே நான், மேலே நண்பர் ஒருவர், அவருக்குப் பின்னால் நாலாம் மாடியிலிருந்து நாயோடு இறங்கி வந்த வயதான பிரெஞ்சு மதாம். அவசரமாக வைத்தியரிடம் போகவேண்டும் என்கிறார். நாய்க்கும் அவசரம். மதாமின் குரலில் பேசினேன். நாயாகவும் ஆனேன். சகலன் தரையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய கராஜில், என்னுடைய சனிக்கிழமை.

"கடைசியிலை மதாம் என்ன செய்தா தெரியுமோ? நாயை நண்பரின் கையிலை குடுத்திட்டு, பிரிட்ஜின் கதவை மெல்லத் திறந்து..."

என் பின்னால் அகப்பைக் காம்பு அசையும் சத்தம் கேட்டது. யாரோ பொறுமையிழந்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். பொன் நிறம். இரண்டு விரல் நுரை.

எல்லாரும் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்கள். "அப்ப வாற கிழமையும் இஞ்சைதான்" என்றார் பஸ் ஓட்டுபவர், குவளையை வெளிச்சத்தில் பிடித்தபடி.

இப்போதும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறேன். பீப்பா மாற்றும் நாட்களில், "அண்ணை, முழங்கால்" என்று சகலன் மரியாதையோடு கூப்பிடுகிறான். போய்க் கொடுக்கிறேன். என் கையிலும் ஒரு குவளை தருகிறார்கள்.

மதாம் எப்படிக் கீழே இறங்கினார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.