கரும்பில்லாச் சர்க்கரை

என் எழுதுமேசையில் ஒரு கண்ணாடிக் குச்சி கிடக்கிறது. கையில் எடுத்தால் போதும், எண்பதுகளின் தொடக்கம் வந்துவிடும்: புதுச்சேரிக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகம், ஃபார்மலின் நெடி, அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல; அவர் அங்கே செய்முறை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டர், நான் ஸ்டோர்கீப்பர். பாகூர்ப் பக்கம் அவர் அப்பாவின் கரும்பு நிலம் தண்ணீரில்லாமல் கருகி, கடைசியில் கைவிட்டுப் போயிருந்தது. அன்றுமுதல் அக்காவுக்கு ஒரே பிடிவாதம்: மழையைக் கேட்காத, மண்ணைக் கேட்காத சர்க்கரை. ஃபார்மலினைச் சுண்ணாம்போடு சூடாக்கினால் சர்க்கரை பிறக்கும் என்று பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தார்.

"பொணம் கெடாம இருக்க ஊத்துறதுல பாயசம் வெக்கிறியாக்கா?" என்பேன்.

"மொத டம்ளர் ஒனக்குத்தான், இரு."

ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக ஆய்வகம் வருவார். ஒரு துளிச் சர்க்கரை விழுந்தாலும் அந்தக் கலவை சட்டென்று சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடுமாம். அதனால் குடுவை, குச்சி எல்லாவற்றையும் மூன்று முறை கழுவுவார். சர்க்கரையின் உதவியில்லாமல் சர்க்கரை வரவேண்டும். வாரக்கணக்கில் அது சுண்ணாம்புத் தண்ணீராகவே வெளுத்துக் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிறு, மஞ்சள். மஞ்சள் பழுத்துப் பழுப்பானது, அறையெங்கும் பாகு வாசனை. அக்கா என் கையை இறுகப் பிடித்தார். "எங்கப்பாகிட்டச் சொல்லணும்!" அப்போதுதான் என் பக்கத்திலிருந்த டீ பீக்கரைப் பார்த்தேன்.

"யக்கா... அந்தக் குச்சியிலதான் டீ கலக்கினேன்."

அக்கா குடுவையைத் தூக்கினார். "அப்ப இது கரும்பு போட்ட பிச்சை" என்று மொத்தத்தையும் தொட்டியில் கவிழ்த்தார். குச்சியை என்னிடம் நீட்டினார். "இத நீயே வெச்சுக்க. என் வேலைக்கு இனி ஆவாது." அதே கையோடு புதுக் குடுவையைக் கழுவத் தொடங்கினார்.

அடுத்த மழைக்காலம்வரை கழுவினார், காய்ச்சினார், காத்திருந்தார். டீயை நான் வராந்தாவுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஒரு நண்பகலில், யாரும் எதையும் போடாமல், மஞ்சள் வந்தது, பழுத்துப் பழுப்பானது. வாயில் வைக்க முடியாத நஞ்சுதான், ஆனாலும் சர்க்கரை. குப்பியில் எடுத்துக்கொண்டு பாகூருக்குப் போனோம். ஆயுள் முழுக்க வெல்லம் காய்ச்சிய அவர் அப்பா, மூடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"பதம் தப்பிடுச்சும்மா. அடுத்த தரம் கொஞ்சம் முன்னாடியே எறக்கிடு."

மறுநாளே அக்கா மறுபடி அடுப்பேற்றினார், மஞ்சளில் இறக்க.

இன்று காற்றிலிருந்தே மாவுச்சத்து செய்யப் பார்க்கிறார்களாம், எங்கெங்கோ. செய்யட்டும். நான் டீ போடுகிறேன், ஸ்பூனால் கலக்குகிறேன். மேசையில் கிடக்கும் குச்சியை அதில் விடுவதில்லை.