சிவப்புக் கோடு விழாத பெயர்

1964. போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் தரும் அலுவலகமொன்றில் வேதாசலம் கிளார்க். மெயின்லேண்டுக்குப் போகப் பெயர் பதிந்தவர்களின் ரிஜிஸ்டரை வரிவரியாகப் பார்த்து, மேலிடத்து அனுமதி லிஸ்டில் இல்லாதவர்களைச் சிவப்புப் பென்சிலால் அடிக்க வேண்டும். வருடக்கணக்காக இதே வேலை. இதற்கு யோசனை எதற்கு என்று யோசிப்பதையே விட்டுவிட்டார்.

அன்று எல்லாப் பெயரும் அடிபட்டுக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில்தான் ஒரு பெயர் லிஸ்டிலும் இருந்தது. தனபாக்கியம், அவருடைய மனைவி.

அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்தது போன கப்பலின் லிஸ்ட். அதிலிருந்த மற்றவர்களெல்லாம் அப்போதே சென்னைக்குப் போய்விட்டார்கள். காய்ச்சலால் கப்பல் ஏறாமல் நின்று, மறுபடி பதிந்தவள் இவள் ஒருத்திதான்.

நடு அந்தமானில் உள்ள ரங்கத்திலிருந்து வந்து காத்திருந்த விவசாயி பழனிசாமி ஜன்னல் வழியே ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாபு, எங்க பேரு சப், எல்லாமே கட் ஆயிருச்சே! அந்த ஒரு பேரு மட்டும் யாருங்க?"

"என் சம்சாரம்" என்றார் வேதாசலம் அலுப்போடு. "லிஸ்ட் மாறிப்போச்சுங்க."

உண்மையைத்தான் சொன்னார். அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.