அரிக்கிற மருந்தே போதும்

மூன்று வருடம் முன்பு, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் என் இரண்டாவது குழந்தை பிறந்தது. முதல் குழந்தை மாதிரியே இதுவும் ஆபரேஷன்தான். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் காயப்போடும் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவள் நான். அதிகம் பேச மாட்டேன்.

ஆபரேஷனுக்கு முதுகில் மெல்லிசாக ஒரு குழாய் வைப்பார்கள். முடிந்த பிறகும் வலிக்கு அதிலேயே மருந்து விடுவார்கள். முதல் பிரசவத்தில் விட்ட மருந்தில் வலியே தெரியவில்லை. ஆனால் மூக்கு, முகமெல்லாம் ஒரே அரிப்பு. அதனால் இந்தத் தடவை என் மாமியார் முந்திக்கொண்டு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம், "அது வேண்டாமுங்க, மூஞ்சியெல்லாம் பிறாண்டி வெச்சுட்டா" என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மா வேறு மருந்து போட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

இதில் அரிப்பு இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. வலியில் ஒருக்களிக்கக்கூட முடியவில்லை. பக்கத்தில் குழந்தை பசியில் வீரிட்டது. மாமியார் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஆரம்பித்தார். என் பிள்ளைக்கு முதலில் என் பால்தான் போக வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்தது.

நர்ஸ் வந்து, வலி எப்படி இருக்கிறது என்று என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது மாமியார்.

"பரவால்லீங்க, தாங்கிக்குவா."

"தாங்க முடியலீங்க சிஸ்டர்" என்றேன்.

"ஏன் அம்மணி, நாங்கெல்லாம் பெக்கலியா? பல்லைக் கடிச்சுட்டுப் படு."

"உங்க வயித்தைக் கிழிச்சாங்களாங்க, அத்தை?"

பக்கத்துக் கட்டில்காரி போர்வைக்குள் சிரித்தாள். நர்ஸ் போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். பழைய மருந்தையே விடச் சொன்னேன்.

"அரிக்குமேம்மா, பரவாயில்லையா?"

"அரிச்சா சொறிஞ்சுக்கறேனுங்க. புள்ளைக்குப் பால் குடுக்கோணும். திரும்பிப் படுக்க உட்டாப் போதும்."

விட்டார். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது. திரும்பிப் படுத்தேன். குழந்தை வாய் வைத்தது. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மூக்கைச் சொறிந்தேன். "வாய் நீண்டு போச்சு" என்று முணுமுணுத்தபடி மாமியார் சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூட்டை தூக்குகிறேன், நாளெல்லாம் வெயிலில் நிற்கிறேன், அதையெல்லாம் தாங்குவேன். ஆனால் எனக்கு வலிக்கிறதா என்ற கேள்விக்கு வேறு யாராவது பதில் சொல்ல வந்தால், இன்றைக்கும் நானே குறுக்கே புகுந்து பதில் சொல்லிவிடுகிறேன்.