அறுகம்புல்லுக்கு அடித்த மருந்து

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், லிப்ட் அடிக்கடி படுத்துவிடும் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் நவரத்தினம் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. புறக்கோட்டையில் விவசாய மருந்துக் கடை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் அவர் பெயரெடுத்தது களைகொல்லியில்தான். பத்திரிகைகள் அதைக் களைகொல்லி என்று எழுதும்; கடையில் அதற்குப் புல் மருந்து என்றே பெயர்.

அவர் விற்ற விதத்தைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். பதவியாவிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பஸ் ஏறி வந்த கமக்காரர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தயங்கினால், நவரத்தினம் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, கிறீம் பூசுவதுபோல இரண்டு கையிலும் தேய்த்துக் காட்டுவார். தமிழரென்றால் "ஒண்டும் செய்யாது" என்பார், சிங்களவரென்றால் "மொக்குத் வென்னே நே" என்பார். இரண்டு பாஷைக்கும் ஒரே சிரிப்பு. போத்தலில் இருந்த பொடி எழுத்தை வாசித்தவர்கள் குறைவு; அந்தச் சிரிப்பை நம்பி வாங்கியவர்களே அதிகம். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். கொம்பனிக்காரர் ஹோட்டலில் வைத்த கூட்டத்தில், கோழிப் புரியாணிக்கு முன்னால் சொன்னதை அவர் முழு மனதோடு நம்பினார்.

அப்படி நம்பி வாங்கியவர்களில் ஒருவர் பதவியா குணபால. ஒவ்வொரு போகமும் வரும்போது நவரத்தினத்தின் மனைவி அன்னபாக்கியத்துக்கென்று ஒரு பை பயறு கொண்டுவருவார். மருந்து அடித்த முதுகுத் தாங்கியைக் கிணற்றடியில் கழுவலாமா என்று ஒருமுறை அவர் கேட்டார். நவரத்தினம் வழக்கமான பதிலைச் சொன்னார். சில வருடங்கள் கழித்துப் பயறும் நின்றது, குணபாலவும் நின்றார். மகன்தான் வந்தான். தகப்பனுக்குச் சிறுநீரகம் பழுது, கிழமைக்கு மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றான். நவரத்தினம் உண்மையாகவே கவலைப்பட்டார். சீனி வருத்தமாக இருக்கும், அல்லது அந்தப் பக்கத்துத் தண்ணீர் உடம்புக்குக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அதுவும் சரியாக இருக்கலாம். யார் கண்டது?

இரண்டாயிரத்துப் பதினைந்தில் அரசாங்கம் கிளைபோசேட் என்ற அந்த மருந்தைத் தடை செய்தபோது, அவருக்குத் தன்னையே தடை செய்ததுபோல இருந்தது. வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று படித்தவர்கள் ஒரு பக்கம் சொன்னார்கள். ஆதாரம் போதாது என்று அவர்களைவிடப் படித்தவர்கள் மறுபக்கம் சொன்னார்கள். தேயிலைக்கும் இறப்பருக்கும் முதலில் விட்டார்கள். பிறகு தடையை மாற்றி மாற்றி, கடைசியில் எடுத்தே விட்டார்கள். எடுத்த செய்தி வந்த அன்று, ஓய்விலிருந்த நவரத்தினம் பத்திரிகையும் கையுமாகப் புறக்கோட்டைக்குப் போனார்.

போனது ஹமீடிடம். ஒரே கடையில் இருபது வருடம் பக்கத்து மேசை. தடை வந்தபோது விலகி, விதை மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்றைப் போட்டவர். தடை எடுத்த பிறகும் புல் மருந்தைக் கடைக்குள் எடுக்கவில்லை. புதன்கிழமைகளில் இருவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு இதைப் பற்றியே வாதாடுவார்கள். பத்திரிகையை விரித்து நவரத்தினம் வெற்றி கொண்டாடியபோது ஹமீட் நிதானமாகத்தான் பேசினார்.

"ரெண்டு பக்கமும் டொக்டர்மாருதான் கதைக்கிறாங்க நவம். நீங்களும் நானும் பில் எழுதின ஆக்கள்."

நவரத்தினத்துக்கு அது சுருக்கென்றது. இரண்டு புதன் போகவில்லை. மூன்றாம் புதன் ஒன்றும் நடக்காததுபோலப் போய் உட்கார்ந்தார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலை பிள்ளையாருக்கு அறுகம்புல் மாலை கட்டுவது. கிருலப்பனையில் கனடாக்காரர் ஒருவரின் வெறுங்காணி இருக்கிறது; கேற்றுச் சாவி நவரத்தினத்திடம். வெள்ளிக்கிழமை விடிய அங்கே போய்ப் புல் வெட்டி, கழுவி, வாழைநாரில் தொடுத்து, ஒழுங்கை முனையில் உள்ள சின்னக் கோயிலில் கொடுப்பார். மாலைப் பூசை முடிந்ததும் ஐயர் அந்த மாலையைப் பிரித்துச் சிறு கட்டுகளாகச் சனத்துக்குக் கொடுப்பார். அதைக் கொண்டுபோய் அடுத்த நாள் காலையில் வெறும் வயிற்றில் சாறு அடித்துக் குடிப்பது அந்த ஒழுங்கையில் ஏழெட்டு வீட்டு வழக்கம். அன்னபாக்கியமும் குடிப்பார். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது, சிறுநீரகத்தைக் கவனிக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறார்.

அந்தக் காணியைப் பார்த்துக்கொள்பவன் விமலே. கிழமைக்கு இரண்டு முறை வந்து போவான். டெங்கு நுளம்புப் பரிசோதகர்கள் புல்லும் பற்றையும் வெட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்று ஒரு திங்கட்கிழமை அவன் நவரத்தினத்துக்கு அழைப்பெடுத்தான். வெட்டி மாளாது அண்ணே, என்ன அடிக்கலாம் என்று சிங்களத்தில் கேட்டான். கேட்ட கேள்வி அப்படி. நவரத்தினம் உற்சாகமாகி, மருந்தின் பெயர், ஒரு தாங்கிக்கு எவ்வளவு, மழையில்லாத நாளாகப் பார்த்து அடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தன் அறுகம்புல்லும் அந்தப் பற்றைக்குள்தான் நிற்கிறது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. புல் என்றால் அவருக்குக் கமக்காரரின் எதிரி; அறுகம்புல் பிள்ளையாருடையது. இரண்டையும் அவர் ஒருநாளும் ஒரு கணக்கில் சேர்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வழமைபோல வெட்டினார், மாலையைக் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விமலே மறுபடி அழைப்பெடுத்தான். முறைப்பாடு. வியாழன் பின்னேரமே காணி முழுக்க அடித்தானாம். இன்றைக்குப் பார்த்தால் ஒரு புல்லும் வாடவில்லையாம். மருந்து கள்ள மருந்தோ என்று கேட்டான்.

நவரத்தினத்துக்குள் இருந்த கடைக்காரர் விழித்துக்கொண்டார். ஏழு நாளாவது செல்லும் தம்பி, இலையால் உள்ளே போய் வேருக்கு இறங்க வேண்டும், அதுவரைக்கும் பச்சையாகத்தான் நிற்கும் என்று ஆறுதலாக விளக்கினார். ஃபோனை வைத்தார். பருப்பைக் குழைத்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாம் வாயைத் தட்டிலேயே விட்டார்.

எழும்பிப் போய்க் கை கழுவினார். சவர்க்காரம் போட்டு இன்னொரு முறை கழுவினார். முப்பத்தொரு வருடம் அதே மருந்தைச் சிரித்துக்கொண்டு தேய்த்த கைகள். புல்லைக் கழுவித்தானே தொடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தார். இலையால் உள்ளே போய்விடும் என்று இப்போதுதான் விமலேக்குத் தன் வாயாலேயே சொல்லியிருந்தார்; வெளியே கழுவியது உள்ளே போனதை எடுக்காது. அன்னபாக்கியம் குசினியில் நாளைய சாற்றை வடிக்கிற வடியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நவரத்தினம் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயமாக இருந்தது. சேர்ட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

ஐயர் கதையை முழுதாகக் கேட்டார். மாலை பிள்ளையாரின் கழுத்தில் பச்சைப்பசேலென்று கிடந்தது.

"ஐயா, நீங்கள்தானே அது மனிசருக்கு ஒண்டும் செய்யாது எண்டு சொல்லுறனீங்கள்?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஓம். எண்டாலும் சனத்துக்குக் குடுக்க வேண்டாம்."

அப்படியென்றால் மாலையைக் கழற்றி ஒதுக்கிவிடலாம், சனத்திடம் புல் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றார் ஐயர். நல்ல மனிதர். நவரத்தினம் அரைவாசி சம்மதித்தும் விட்டார். பிறகு, வேண்டாம், நானே சொல்கிறேன் என்றார்.

பூசை முடிந்தது. வழக்கமாக அறுகம்புல் வாங்கும் ஏழெட்டுப் பேரும் பையோடு வரிசையாக நின்றார்கள். நான்காவதாக அன்னபாக்கியம். நவரத்தினம் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, இன்றைக்குப் புல் இல்லை, அதற்கு மருந்து அடிபட்டுவிட்டது, அடிக்கச் சொன்னதும் தான்தான் என்று சொன்னார். பின்னால் நின்றவர்களுக்காக இன்னொரு முறை சொல்லவேண்டி வந்தது. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. திருநீற்றை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

அன்னபாக்கியம் மட்டும் நகரவில்லை.

"அப்ப அது கூடாததோ?"

"தெரியாது அன்னம்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்னபாக்கியம் கேட்டதில்லை. வெறும் பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, புருஷனின் முகத்தையே பார்த்தார்.

"இவ்வளவு காலமும் தெரியும் எண்டுதானே சொன்னனீங்கள்."

நவரத்தினம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"குணபாலவுக்குச் சொன்ன அண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்றார்.