முன்வரிசைப் பலகைகள்

எங்கள் ஊர் வாய்க்காலின் மதகை அடைத்தவன் நான்தான். ராஜாத்தி அக்காவின் ஒரு ஏக்கர் நடவு கருகிப்போனதற்குக் காரணம் வானமும் இல்லை, ஆறும் இல்லை. நான்! ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக அதைச் செய்தேன். மூன்று வருடங்களாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் கேட்டதால்தான். மாவட்டத்தின் சிறிய அணிகள் சேர்ந்து போடும் மலருக்கு, ஆதரவாளர்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் எப்படி என்று எழுதித் தரச் சொன்னீர்கள். மூன்றாம் பிரிவில் ஆடும் ஒரு கிராமத்து அணிக்குத் திடல் கொள்ளாத கூட்டம் வருகிறதே, அந்த வித்தையை எங்களுக்கும் சொல்லுங்கள் என்றீர்கள். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் அழகாகத்தான் வந்தது. வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்... சொல்லவேண்டியதை மறைத்துவிட்டு எழுதினால் அழகாக வராமல் என்ன செய்யும்?

என் தொழில் மைக்செட். கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, இந்தப் பக்கத்தில் கத்துவது என் குழாய்தான். முழங்கால் கெட்டு ஆட்டத்தை விட்ட பிறகு அணியின் செயலாளர் ஆனேன். ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு, "கால்பந்து ரசிகப் பெருமக்களே!" என்று நாலு ஊர் சுற்றிவருவேன். வந்து சேர்ந்த ரசிகப் பெருமக்கள் பதினோரு பேர். அதில் ஐந்து பேர் எங்கள் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள்.

மதியம் மூன்று மணிக்கு ஆட்டத்தை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். நடவுக் காலத்தில் மூன்று மணிக்கு இந்த ஊரில் யார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? அதைக்கூட யோசிக்காத செயலாளன் நான்.

ஒருநாள், நடவு முடிந்து வாய்க்கால் கரையோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் திடலோரமாக நின்றார். முழங்கால் வரை சேறு. இடுப்பில் சோற்றுத் தூக்கு. அவர்தான் ராஜாத்தி அக்கா. ஊரில் எந்த வயலில் நடவென்றாலும் ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர்.

"தம்பி, இதுல எந்தப் பக்கம் நம்ம பக்கம்?" என்று கேட்டார்.

பச்சைப் பனியன் என்றேன். அவர் தூக்கை இறக்கி வைத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? எங்கள் செல்வம் ஒரு பந்தை வலைக்குள் அடித்தான். அக்கா வாயில் கைவைத்துக் குலவை போட்டார்! கூட வந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? இருபது தொண்டைகள் சேர்ந்து குலவையிட்டன. எதிரணிக் கோல்கீப்பர் பந்தை எடுக்க மறந்து அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா இது?" என்றேன் சிரிப்பை அடக்கமாட்டாமல்.

"நல்லது நடந்தா குலவை போடணும்ல தம்பி!"

அன்றைக்குத்தான் எங்கள் அணிக்கு ஆதரவாளர்கள் பிறந்தார்கள். அதன் பிறகு நான் செய்தவையெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஆட்டத்தை நாலரை மணிக்கு மாற்றினேன். செங்கல் அடுக்கி அதன்மேல் இரண்டு நீளப் பலகைகளைப் போட்டு, முன்வரிசை பெண்களுக்கு என்று அறிவித்தேன். மைக்கில் ஆட்டக்காரர்களின் பெயரைத் தாயின் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். "மேலத்தெரு சரசு மகன் செல்வம் பந்தை எடுத்துவிட்டார்!" தன் பெயர் குழாயில் வருவதைக் கேட்க எந்தத் தாய்க்குத்தான் ஆசையிருக்காது? சரசு வந்தார். சரசுவின் நாத்தனார் வந்தார். அவர்களைத் தேடிக்கொண்டு வீட்டு ஆண்களும் வந்தார்கள்.

இதையெல்லாம் என் சாமர்த்தியம் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். உண்மையில் வந்தவர்களைப் போகவிடாமல் பிடித்து வைத்தது அக்காதான். ஒருமுறை ஆறு கோல் வாங்கித் தோற்றோம். கூட்டம் கலைந்துவிட்டது. தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பையன்களிடம் போய், "ஆறு கோலு வாங்கினா என்ன, ஆறு பேரு காலையா ஒடைச்சுக்கிட்டீங்க? எந்திரிச்சுப் போயிக் குளிங்க" என்றார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து பலகையில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எப்படிச் சொல்வேன்! கூடப்பிறந்த அக்கா எனக்கு இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தவன்தான் இதைச் செய்தேன்.

அந்த வருடம் அக்கா ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் நட்டவர், முதல்முறையாகத் தனக்கென்று நட்டார். வாய்க்காலின் கடைசி வயல் அது. அதற்கு அப்பால் கருவேலங்காடுதான். நடவன்றைக்கு எங்கள் அணியே போய் நாற்றுக்கட்டு சுமந்தது. கோல்கீப்பர் வரப்பில் நின்று வீசிய கட்டுகள் நினைத்த இடத்தில் போய் விழுந்தன. "பந்தை விட இதத்தான் நல்லாப் போடுறான்!" என்று அக்கா கேலி செய்தார். பிறகு சேற்றில் நின்று, தன் வயலுக்காகத் தானே குலவையிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நானும் பார்த்தேன்...

அந்த நடவுக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை.

லீகின் கடைசி ஆட்டம் எங்கள் திடலில், ஞாயிற்றுக்கிழமை. பட்டுக்கோட்டையிலிருந்து வரும் அணியோடு மோதவேண்டும். பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தோம். தோற்றால் லீகை விட்டே வெளியே. அணி கலைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் சனங்கள் முன்னால் ஆடினால் பிழைப்போம். ஆனால் திடல் ஈரமாக இருந்தால் ஆட்டம் பட்டுக்கோட்டைக்குப் போய்விடும். வேலை முடிந்த சேற்றுக்காலோடு அத்தனை பெண்களும் அங்கே எப்படி வருவார்கள்?

திடலை ஒட்டித்தான் வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் நிறைந்து ஓடினால் கரையில் கசிந்து மேற்கு மூலை நொதநொதவென்று ஆகிவிடும். அப்போது முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் வரும், ஐந்து நாள் வராது. புதன்கிழமை தண்ணீர் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மேற்கு மூலையில் கால் வைத்தேன். கணுக்கால் வரை இறங்கியது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை நடுமதியம். வெயிலுக்குப் பயந்து வாய்க்கால் பக்கம் ஒரு ஆளும் இல்லை. முன்வரிசைப் பலகைகள் இரண்டையும் எடுத்துத் தோளில் சுமந்துபோய், வாய்க்கால் தொடங்கும் மதகில் செருகினேன். இடுக்குகளில் களிமண்ணை அப்பினேன். தண்ணீர் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது! அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து நாளில் இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும் எடுத்துவிடலாம், யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? தலைமடைக்காரன் கணக்கு அப்படித்தான் இருக்கும். எங்கள் குடும்ப நிலம் மதகை ஒட்டி இருக்கிறது. எங்களுக்கு முதல் நாளே தண்ணீர் ஏறிவிடும். வாய்க்கால் முடியும் கடைமடைக்கு அது போய்ச் சேர்வதே நாலாம் நாள்தான் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நான் அடைத்த இரண்டு நாள்தான் அக்காவின் வயலுக்கு உரிய இரண்டு நாள். அவருக்கு மிச்சம் மூன்று நாள் என்று எதுவும் கிடையாது.

தெரியாமல் செய்தேன் என்று இத்தோடு முடித்துக்கொள்ளலாம். முடியாது... ஏனென்றால் சனிக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மண்வெட்டியோடு வாய்க்கால் கரை வழியாகக் கீழேயிருந்து நடந்து வந்தார்.

"தம்பி, வாய்க்கால்ல தண்ணி வத்திக் கெடக்கே. மேல யாரும் அடைச்சிருக்காங்களா? போயிப் பாத்துட்டு வந்துடுறேன்."

இன்னும் இருநூறு அடி நடந்தால் மதகு. நடந்திருந்தால் பலகைகளைப் பார்த்திருப்பார். தானே பிடுங்கிப் போட்டிருப்பார். பயிர் பிழைத்திருக்கும்.

"ஆத்துலயே கொறச்சுட்டாங்களாம்க்கா. நாளைக்கு விட்டுருவாங்களாம்" என்றேன்.

ஊருக்கெல்லாம் செய்தி சொல்லும் மைக்செட்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ! "அப்புடியா? நீங்க சொன்னா சரிதான்" என்று திரும்பிவிட்டார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை? இன்னும் ஒருநாள்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையிலிருந்த சுண்ணாம்பைக் கொட்டிக் கோட்டை முடித்தேன்.

ஞாயிறன்று அவர் தன் கூட்டத்தோடு வந்தபோது முன்வரிசையில் வெறும் செங்கல்தான் இருந்தது.

"பலகை எங்க தம்பி?"

"வெடிச்சுப்போச்சுக்கா. ஆசாரிகிட்ட குடுத்திருக்கு."

அவர் செங்கல்மேல் உட்கார்ந்துகொண்டார். திடல் காய்ந்து கிடந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் செல்வம் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலில் ஜெயித்தோம். அந்தக் குலவையை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்! மைக்கில் என் குரல் உடைந்துபோனது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எதற்காக அழுதேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் மதகுக்கு ஓடினேன். பலகைகளைப் பிடுங்கினேன். மதகுக்கு மேல்பக்கமும் தண்ணீர் இல்லை. முறை முடிந்து ஆற்றில் அடைத்துவிட்டார்கள். அடுத்த தண்ணீர் அக்காவின் வயலை எட்ட இன்னும் ஒன்பது நாள்.

வெயில் அடித்தது. மழையில்லை. கடைமடையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். பக்கத்து வயல்காரர்கள் அந்த வருடம் நடவே இல்லை; ஆகவே துணைக்குப் புலம்பக்கூட அவருக்கு ஆளில்லை. குளத்திலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார்... ஒரு ஏக்கருக்கு! நானும் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுமந்தேன். மண் வாய் பிளந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் அந்த வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல்போனது. ஐந்தாம் நாள் அக்கா குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"போதும் தம்பி. இவ்வளவு பண்ணீங்களே, நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை.

அக்கா குத்தகையை விட்டுவிட்டுப் பழையபடி கூலி நடவுக்குப் போகிறார். ஆனால் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. போன வருடம் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எம் பயிரு போன வருசம்டி அது. அந்த வருசத்துல எனக்குக் கெடச்ச ஒரே சந்தோஷம் இவனுங்க ஜெயிச்சதுதான்."

நான் மைக்கை அணைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆறாதது. போன ஆவணியில் மறுபடி திடல் கசிந்தது. இந்த முறை மதகுப் பக்கம் போகவில்லை. மைக்கில், ஆட்டம் பட்டுக்கோட்டைக்கு மாறலாம் என்று மட்டும் அறிவித்தேன். மறுநாள் காலையில் அக்கா பத்துப் பெண்களோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். திடல் பக்கத்துக் கரையை வெட்டி, களிமண்ணைக் குழைத்து அணைத்து, காலால் மிதித்து இறுக்கினார்கள். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு சொட்டுக் கசியவில்லை. வாய்க்கால் தன் பாட்டுக்கு ஓடியது.

"இதுக்கா தம்பி இத்தனை வருசம் தவிச்சீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதா?" என்று கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

ஒரு வார்த்தை!

ஆதரவாளர்களை எப்படித் தக்கவைப்பது என்று கேட்டீர்களே... அவர்களை உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னால் மட்டும் போதாது, நமக்கு ஒரு கஷ்டம் என்றால் அவர்களிடம் போய்க் கேட்கவேண்டும். எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்டிருந்தால் காலையோடு கசிவு அடைபட்டிருக்கும், ஆட்டமும் நடந்திருக்கும், பயிரும் நின்றிருக்கும். மதகைத் தேடிப் போகும்போது அவர்களில் ஒருவரின் முகம்கூட என் நினைவுக்கு வரவில்லையே, ஏன்?

அந்தப் பலகைகளைக் கழுவி, மறுபடி முன்வரிசையில் போட்டுவிட்டேன். ஒன்றின் ஓரத்தில் மதகின் கல் உரசிய வடு இருக்கிறது. அக்கா எப்போதும் உட்காருவது அதன்மேல்தான்.

போன வாரம் சொல்லியே தீருவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"மேட்ச் தேதிதான? சொல்லுங்க தம்பி. நடவு இருந்தா மறுநாளுக்கு மாத்திக்கச் சொல்லிடுறேன்."

"ஞாயித்துக்கெழம அக்கா, நாலரை மணிக்கு" என்றேன்.

அக்கா எழுந்துபோய், சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார்.